உன் வயிறு என் கையில் இருந்தவரை

தம்பி,

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, சாய்ந்து உட்கார்ந்த பிறகு இதைப் படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் வரும். அதில் நீ அப்படியே உன் அப்பா. நீயும் சாந்தியும் தீபாவளிக்கு வந்துவிட்டுச் சிரம்பானுக்குத் திரும்பிப் போனதிலிருந்து நான் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் போனதற்கா இவ்வளவு வருத்தம் என்று உன் அப்பா கேட்கிறார். வருத்தமாக இருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். இது பொறாமை. உன் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. இதை நாலு பேர் அறியச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மகனைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் இருப்பதுதான், மற்றவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் என் பொறாமையால் உன் உடம்பு இளைத்துக்கொண்டு வருகிறது. அது உனக்குத் தெரியாது, சாந்திக்கும் தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் சாந்தி இங்கே வந்து, உனக்கு எப்படிச் சமைக்க வேண்டும் என்று கேட்டாள். நானாகக் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். அதுவே எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இருந்தாலும் உட்கார வைத்துச் சொன்னேன். உனக்குக் கோதுமை ஆகாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் சப்பாத்தி தின்று வளர்ந்த பெண், அவளை ஏன் பட்டினி போட வேண்டும்? ஒரே அடுப்படியில் இரண்டும் நடக்கலாம், நடத்தத் தெரிய வேண்டும். உன் சாப்பாடு முதலில் ஆகிவிட வேண்டும், மாவு டின்னை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். மாவு பறந்து கீழேதான் விழும் என்பதால் உன் பாத்திரங்கள் மேல் தட்டில் இருக்க வேண்டும். தோசைக்கல் இரண்டு, சல்லடை இரண்டு. மரக்கரண்டியை எத்தனை கழுவினாலும் மாவு உள்ளே இறங்கியிருக்கும், அதனால் அதுவும் தனி. பூரி பொரித்த எண்ணெயில் உனக்கு அப்பளம் போடக்கூடாது. அடுப்பு மேடையைத் துடைக்கிற துணிகூட வேறு வேறு. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சிரம்பானில் உன் பாத்திரங்களின் பிடியில் எல்லாம் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறாள் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த நூல் யோசனை வரவில்லையே என்று அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், ஆனால் நான் மறக்கவில்லை. அந்த ஒன்று இருக்கும்வரை நீ என் சமையலைத் தேடி வருவாய் என்று நினைத்தேன். அது என்ன என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதினால், அவ்வளவுதானா என்று நீ சிரித்துவிட்டுப் போய்விடுவாய். அது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைக் கேட்டால்தான் உனக்கு உறைக்கும்.

நீ பிறந்தபோது நாங்கள் காஜா பெராங்கில் இதே சந்தில், நாலு வீடு தள்ளி, மீனாட்சி மாமி வீட்டின் முன்கட்டில் வாடகைக்கு இருந்தோம். மாமி மலாக்கா செட்டி. பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் சாமி, நெற்றியில் திருநீறும் உண்டு. கட்டுவது மட்டும் கைலியும் கெபாயாச் சட்டையும், பேசுவது மலாய். அந்த மலாயிலும் நடுநடுவே நம் வார்த்தை தலைகாட்டும். எனக்கோ சந்தையில் காய் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய் வரும். மாமிக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரே சமையலறை. இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் அவர் அடுப்பு. இரண்டு பேருக்கும் சண்டையும் இல்லை, சிநேகமும் இல்லை. அவர் பிளாச்சான், அந்த இறால் கட்டியைச் சுடும்போது நான் முற்றத்துக்குப் போய்விடுவேன், நான் தாளிக்கும்போது அவர் போய்விடுவார்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் உனக்கு அந்தச் சீக்கு வந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். வயிறு ஓயாமல் போகும். முன்னாடி ஓடி ஆடியவன் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, தூக்கினால்கூடச் சிணுங்குவாய். மந்திரித்துப் பார்த்தோம், பேதிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டரம்மா உன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட நின்ற தமிழ்க்காரர் எனக்குச் சொன்னார், "பிள்ளைக்குக் கோதும ஆவாதாம். ஒரு துளி கூட ஆவாதாம்." டாக்டர்கள் எதையும் கொஞ்சம் பயமுறுத்தித்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். உன் அப்பாவுக்கோ ராத்திரிக்குக் கோதுமைத் தோசை இல்லையென்றால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நகராண்மையில் குழாய் வேலை, நாள் முழுக்க ஈரத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷன். அவருக்கு ஊற்றிய கல்லிலேயே உனக்கு அரிசித் தோசை ஊற்றினேன். உன் தட்டில் கோதுமை இல்லை, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நீ தேறவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை டாக்டரம்மா, எந்தக் கல்லில் சுடுகிறாய், எந்தக் கரண்டியால் திருப்புகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார். கேட்கக் கேட்கத்தான் எனக்கே விளங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியையே கவிழ்த்துப் போட்டுக் கழுவினேன். சாந்திக்கு நான் சொன்ன சட்டங்கள் எல்லாம் அன்றைக்குப் பிறந்தவைதான். உன் அப்பாவின் தோசையை முற்றத்தில் தனி அடுப்பு மூட்டிச் சுட்டேன். மழை வந்தால் அவருக்கும் சோறுதான். உனக்குக் கொஞ்சம் தேறியது. அந்தக் கொஞ்சத்தோடு நின்றுவிட்டது. ஒரு ஓட்டையை அடைத்த குடம் வேறு எங்கோ கசிகிற மாதிரி, நாலு நாள் நன்றாக இருப்பாய், ஐந்தாம் நாள் வயிறு உப்பிவிடும்.

உப்பினால் என் கைக்கு வைத்தியம் உண்டு. பெருங்காயத்தை வெந்நீரில் உரசித் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவேன். மோரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பேன். ரசத்திலும் உனக்கென்று இன்னும் ஒரு கிள்ளு போடுவேன். வயிற்றுக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது? நீ எவ்வளவு துவண்டாயோ அவ்வளவு கூடக் கொடுத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் உன் தங்கைக்காக நான் ஆஸ்பத்திரியில் படுத்தேன். பிரசவம் சிக்கலாகி, போனவள் உடனே திரும்பவில்லை, வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தேன். உன்னை மீனாட்சி மாமி பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் உன் அப்பா மலாயில் சொல்லியிருந்தார். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நேரம் அது. நான் பிள்ளையோடு மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் வீட்டுக்கு வந்த அன்று ஊரெல்லாம் கொடியும் தோரணமும், பண்டா ஹிலிர் பக்கம் போகவே முடியாத கூட்டம். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாசலில் மாமியின் இடுப்பில் நீ உட்கார்ந்திருந்தாய். உன் கன்னம் நிரம்பியிருந்தது. வயிறு உள்ளே போய், காலில் சதை வைத்து, வேறு யாருடைய பிள்ளையோ என்று இருந்தாய். நான் கையை நீட்டினேன். நீ மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சாகக் கிடந்த பிள்ளை கன்னம் வைத்து உட்கார்ந்திருக்கிறது, எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் வராது? எனக்கு வரவில்லை தம்பி. நான் கண் விழித்துக் கண் விழித்துக் காப்பாற்ற முடியாத உடம்பை இவள் சும்மா சோறு போட்டே தேற்றிவிட்டாளே என்றுதான் வந்தது. அன்றைக்கே உன்னை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிள்ளை இளைத்துவிடாமல் இருக்கட்டும் என்று அன்றைக்கே ரசம் வைத்தேன், மோர் கொடுத்தேன். ஒரு வாரம் போவதற்குள் உன் வயிறு மறுபடி உப்பிக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, பிள்ளை அந்த அம்மாளை நினைத்து ஏங்கிப் போய்விட்டது என்றார்கள். ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், சோற்றில் ஏதாவது கலந்து கொடுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு என்று காதோடு சொன்னாள். அந்தப் பேச்சை நான் உடனே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது தேவையாக இருந்தது. புக்கிட் பாருவில் வீடு பாருங்கள், இந்த வீட்டில் இனி ஒரு நாள் இருக்க மாட்டேன் என்று உன் அப்பாவிடம் குதித்தேன். மாமியிடம் நேராகவே போய், என் பிள்ளைக்கு என்ன போட்டுக் கொடுத்தாய் என்று அரைகுறை மலாயில் கேட்டேன். அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. திருப்பிக் கத்துவார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு பலகையை எடுத்துத் தன் அடுப்புப் பக்கத்தில் போட்டார். "சினி மாரி. டூடோக். தெங்கோ" என்றார். இங்கே வா, உட்கார், பார்.

விடுவேனா? கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அரிசி களைவதிலிருந்து பார்த்தேன். மீனில் மஞ்சளும் உப்பும் தடவியதைப் பார்த்தேன். சின்ன வெங்காயம், புளி, தேங்காய்ப்பால். கை எங்கே போகிறது, முந்தானை இல்லாத அந்த உடுப்பில் எங்கேயாவது எதையாவது செருகி வைத்திருக்கிறாளா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டின்களைத் திறந்து காட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் திறந்து என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். மல்லி, சீரகம், மிளகு, எல்லாம் என் அடுப்பிலும் இருப்பவை. வயிறு சரியில்லாத பிள்ளைக்கு ஒரு கிள்ளுப் பெருங்காயம்கூட இல்லாமலா சமைத்துப் போட்டாய் என்று கேட்டேன். மலாயில் பெருங்காயத்துக்குப் பேர் தெரியவில்லை என்று என் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். மாமி கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூசோக்" என்றார். நாற்றமாம். இத்தனை நாளாக நான் தாளிக்கும்போதெல்லாம் முற்றத்துக்குப் போனது அதற்காகத்தானாம், வாடகைக்கு வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தாராம்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. என் பெருங்காயத்தைப் போய் நாற்றம் என்பதா? நல்ல சரக்காக வாங்கிவந்து இவளுக்குக் காட்டுகிறேன் என்று அப்போதே கடைக்குக் கிளம்பினேன். எங்கள் மளிகை எல்லாம் டவுனில் ஒரு ராவுத்தர் கடையில்தான். இது வேண்டாம், எதுவும் கலக்காத சுத்தப் பெருங்காயமாகக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கலக்காத காயத்த யாரும்மா விக்கிறா? அது பிசினு மாதிரி, அப்படியே வாயில வச்சா தாங்காது. கோதும மாவு போட்டுப் பெசஞ்சுதான் கட்டியாக்குவாங்க. நீங்க இத்தன வருசமா வாங்குறதும் அதான்."

அவள் எதைப் போடுகிறாள் என்று கண்டுபிடிக்கப் போனவள், அவள் எதைப் போடவில்லை என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பெருங்காய டப்பாவைச் சாக்கடையில் கொட்டினேன். மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையாலேயே உன்னைத் தேற்றினேன். பத்துப் பதினைந்து நாளில் கன்னம் திரும்பி வந்தது. அதன் பிறகு மாமி தட்டில் சோறும் மீனும் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டால், நீ வயிறு நிறைந்தவனாக என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். அந்தத் தட்டோடு அவர் திரும்பிப் போவதைப் பார்த்து எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. புக்கிட் பாருவுக்கு நாங்கள் போகவே இல்லை, சந்தில் இந்த வீடு கிடைத்ததும் இங்கே வந்துவிட்டோம். மாமி போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

நம் வீட்டில் பெருங்காயம் என்ற பேச்சே இல்லாததால் உனக்கு அதன் வாசனைகூடத் தெரியாது. ஆனால் சாந்தியின் கைப்பக்குவம் ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்மா வீட்டு ரசத்தை நான் குடித்திருக்கிறேன். முதல் வாயிலேயே மணம் அடித்தது. ஆஹா என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். இது உனக்கு ஆகாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சாம்பாரிலும் ரசத்திலும் தினம் ஒரு கிள்ளு. சிவப்பு நூல் கட்டிய பாத்திரத்தில், தனிக் கரண்டியால் கலக்கி, அவள் உனக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

தீபாவளிக்கு வந்து இறங்கினபோது உன் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. கண்டும் காணாததுபோல் சமைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் முகம் தெளிந்து, "அம்மா கை அம்மா கைதான்" என்று சாந்தியை வைத்துக்கொண்டே சொன்னாய். எனக்குத் தலை கால் புரியவில்லை. சாந்தி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். மறுநாள் காலையில் நான் அடுப்புப் பற்ற வைக்கும்போது ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதவி செய்ய வரவில்லை. என் கையைப் பார்க்க வந்தாள். அரிசி களைவதிலிருந்து பார்த்தாள். டப்பாக்களைத் திறந்தால் எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? கடைசியில் கேட்டாள்.

"அத்தை, வேற எதுவும் போடலியா நீங்க?"

"வேற எதுவும் போடலம்மா" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவள் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினாள். கழுவி முடிக்க வெகுநேரம் ஆனது.

மீனாட்சி மாமி அன்றைக்குத் தெரியாமல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்தே நான் இவளுக்குச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அடுப்படிக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. உன் பசி எப்போது வரும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வயிறு சரியில்லை என்பதெல்லாம் என் சொத்து. இருபத்துச் சொச்சம் வருஷம் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை ஒரு பெண் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள், நன்றாக வேறு வைத்துக்கொள்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இந்தக் கடிதத்தை நீ படித்து அவளுக்குச் சொல்லாதே. அவள் கையிலேயே கொடு. நீ சொன்னால் பாதியை விட்டுவிடுவாய், என்னைக் காப்பாற்றுகிற பாதியாகப் பார்த்துச் சொல்லுவாய். அவள் முழுதாகப் படிக்கட்டும். படித்துவிட்டு டப்பாவைக் கொட்டட்டும், அந்த டப்பாப் பக்கத்தில் இருந்த கரண்டியையும் தூக்கிப் போடட்டும். மாவு கலக்காத காயம் எங்காவது கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். பூண்டும் மிளகும் போதும், ரசம் மணக்கும். என் மேல் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும், அதை இங்கே வந்து என் முகத்துக்கு நேராகக் காட்டட்டும், நான் பதில் பேச மாட்டேன்.

பொங்கலுக்கு வா. அவள் கையால் தின்று கன்னம் வைத்து, சட்டை கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வா. அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நீ அப்படியே வா.

அம்மா